ஸ்பேம் வடிகட்டி: டிஎன்எஸ், மெயில் சர்வர் அமைக்கும் முறை

மெயில் சர்வருக்கு முன்னால் ஸ்பேம் வடிகட்டி வைக்கும்போது, வெளியிலிருந்து வரும் அஞ்சல் முதலில் வடிகட்டிக்குப் போய், அங்கே தேறியது மட்டுமே சர்வரை அடைய வேண்டும். இதற்கான வேலை பாதி டிஎன்எஸ்ஸில், பாதி சர்வரில். வரிசை மாறினால் நல்ல அஞ்சல் திரும்பிப் போகும். அல்லது ஸ்பேம் பழைய வழியிலேயே வந்துகொண்டிருக்கும்.

1. டிடிஎல் குறைத்தல்
எம்எக்ஸ் ரெக்கார்டின் டிடிஎல் 86400 நொடி என்றிருந்தால், பழைய விவரம் மற்ற டிஎன்எஸ் சர்வர்களில் ஒரு நாள் வரை தங்கும். எனவே மாற்றத்துக்கு ஒரு நாளாவது முன்பே அதை 300 ஆக்க வேண்டும்.

2. வடிகட்டியைத் தயார் செய்தல்
வடிகட்டிக்கு ஒரு ஹோஸ்ட் பெயரும் அதற்கு ஏ ரெக்கார்டும் தேவை. டொமைனில் உள்ள முகவரிகளின் பட்டியலையும் அதற்குத் தர வேண்டும். இல்லாத முகவரிக்கு வரும் அஞ்சலை இணைப்பு நிலையிலேயே 550 என்று மறுப்பதே முறை. வாங்கிவிட்டுப் பிறகு திருப்பி அனுப்பினால், அது ஸ்பேமர் போலியாகப் போட்ட அனுப்புநர் முகவரிக்குப் போய்ச் சேரும்.

ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களைப் பயன்படுத்தினால், அன்பவுண்ட் போன்ற சொந்த டிஎன்எஸ் ரிசால்வர் வேண்டும். 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் தரும். இதைத் ‘தடை செய்யப்பட்ட ஐபி’ என்று தவறாகப் புரிந்துகொள்ளும் மென்பொருள், வரும் அஞ்சல் எல்லாவற்றையும் மறுத்துவிடும்.

3. சர்வருக்கு வடிகட்டியை அறிமுகம் செய்தல்
இனி எல்லா அஞ்சலும் வடிகட்டியின் ஐபியிலிருந்தே வரும். ஆகவே அந்த ஐபிக்கு மட்டும் எஸ்பிஎஃப் சோதனை, தடைப்பட்டியல் சோதனை, கிரேலிஸ்டிங், இணைப்பு வரம்பு ஆகியவற்றிலிருந்து விலக்கு தர வேண்டும். தராவிட்டால், முறையாக வந்த அஞ்சல்கூட எஸ்பிஎஃப்பில் தோற்கும்.

4. எம்எக்ஸ் மாற்றம்
எம்எக்ஸ் ரெக்கார்டில் வடிகட்டியின் ஹோஸ்ட் பெயரைத் தர வேண்டும். ஐபி எண்ணோ சிநேம் பெயரோ கூடாது. எண் குறைவாக உள்ள எம்எக்ஸுக்கே முன்னுரிமை. பழைய சர்வரைப் பெரிய எண்ணோடு ‘பேக்கப்’பாக விட்டுவைக்கக் கூடாது. காவல் குறைவு என்று கருதி அந்தக் கடைசி எம்எக்ஸையே தேடிப் போகும் ஸ்பேமர்கள் உண்டு.

5. போர்ட் 25
டிடிஎல் காலம் முடிந்து, சர்வர் லாக்கில் வெளியிலிருந்து வரும் நேரடி அஞ்சல் ஓய்ந்ததும், ஃபயர்வாலில் போர்ட் 25ஐ வடிகட்டியின் ஐபிகளுக்கு மட்டும் திறந்து வைக்க வேண்டும். எம்எக்ஸைப் பார்க்காமல் பழைய ஐபிக்கே அனுப்பும் ஸ்பேம் இதனால்தான் நிற்கும். பயனர்கள் அஞ்சல் அனுப்ப, கடவுச்சொல் கேட்கும் 587 அல்லது 465 போதும்.

6. வெளியே போகும் அஞ்சல்
அதுவும் வடிகட்டி வழியே போவதானால், வடிகட்டியின் ஐபிக்குப் பிடிஆர் ரெக்கார்டு வேண்டும். அந்த ஐபி எஸ்பிஎஃப்பிலும் இடம்பெற வேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான். அதற்குள் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது. அடிக்குறிப்பு சேர்ப்பது போன்ற திருத்தங்கள் முடிந்த பிறகே டிகேஐஎம் கையொப்பம் இட வேண்டும். முன்பே இட்டால் கையொப்பம் செல்லாமல் போகும். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, அறிக்கைகளைப் பார்த்த பின் கடுமையாக்கலாம்.

7. சோதனை
வெளிக் கணக்கிலிருந்து ஒரு சாதாரண அஞ்சலை அனுப்பி, அதன் ஹெடரில் ‘ரிசீவ்டு’ வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். சர்வரின் வரிக்கு முன்பாக வடிகட்டியின் பெயர் வர வேண்டும். எல்லாம் சரியானால் டிடிஎல்லைப் பழையபடி உயர்த்தலாம்.