கீபோர்டைக் கம்ப்யூட்டருடன் இணைப்போமா?

வீட்டில் யமஹா, காசியோ, ரோலண்ட் என்று ஏதோ ஒரு கீபோர்டு இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரும் வாங்கிவிட்டீர்கள். இரண்டையும் இணைத்து, வாசிப்பதைப் பதிந்து வைக்க ஆசை. கடையில் கேட்டால் ஒரு கேபிளை எடுத்துக் கொடுத்து, "இதைச் செருகினால் போதும் சார்" என்பார்கள். செருகுவீர்கள், வாசிப்பீர்கள், திரையில் சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாக வரும். மகிழ்ச்சியுடன் திரும்பப் போட்டுப் பார்த்தால் சத்தமே வராது.

நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன். நண்பர்கள், உறவினர்கள் வீடுகளில் இந்த இணைப்பைப் பல முறை செய்து கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் கேபிளிலும் கோளாறு இருக்காது, கம்ப்யூட்டரிலும் இருக்காது. அந்தக் கேபிளுக்குள் என்ன போகிறது என்பதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதை முதலில் பார்த்துவிடலாம்.

கேபிளில் போவது என்ன?

கீபோர்டின் கட்டைகளை அழுத்தும்போது இரண்டு விஷயங்கள் பிறக்கின்றன. ஒன்று, ஸ்பீக்கரில் கேட்கும் ஒலி. மற்றொன்று, "இந்தக் கட்டை, இவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது" என்ற தகவல். இந்தத் தகவலை அனுப்பும் முறைக்குத்தான் மிடி என்று பெயர். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் கண்காட்சியில் ஒரு ப்ராபெட் 600 சிந்தசைசரையும் ஒரு ரோலண்ட் ஜூபிடர் 6 சிந்தசைசரையும் இணைத்துக் காட்டினார்கள். வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றுடன் ஒன்று பேசியது அன்று பெரிய அதிசயம். அதே மொழியைத்தான் உங்கள் கீபோர்டும் பேசுகிறது.

நடு ஸ்தாயியின் 'சி' கட்டையை ஓரளவு பலமாக அழுத்தினால் மிடி கேபிளில் போவது மூன்றே எண்கள்: 144, 60, 100. முதல் எண் "முதலாம் சேனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது" என்கிறது. 60 என்பது அந்தக் கட்டையின் எண். 100 என்பது அழுத்திய வேகம். இது 127 வரை போகலாம். அவ்வளவுதான். இதில் ஒலி எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை. சமையல் குறிப்பை எழுதி அனுப்புவது போலத்தான் இது. குறிப்பு வந்து சேர்ந்துவிடும், சாம்பார் வராது.

அதனால்தான் ஒரு நிமிட சி.டி. தர ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 10 எம்.பி. இடம் தேவைப்படும்போது, அதே ஒரு நிமிட மிடி சில கே.பி.யில் முடிந்துவிடுகிறது.

கீபோர்டின் பின்புறம்

கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள். ஓரளவு புதிய மாடல் என்றால், பிரிண்டரில் இருப்பது போன்ற சதுர வடிவ யு.எஸ்.பி. துளை இருக்கும். அருகில் 'யு.எஸ்.பி. டு ஹோஸ்ட்' அல்லது 'யு.எஸ்.பி. கம்ப்யூட்டர்' என்று எழுதியிருப்பார்கள். பிரிண்டர் கேபிளே இதற்குப் போதும். பென் டிரைவ் செருகும் நீள்சதுரத் துளை வேறு. அதில் கம்ப்யூட்டரை இணைக்க முடியாது.

பழைய மாடல் என்றால் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான மிடி சாக்கெட்டுகள் இருக்கும். இதற்கு யு.எஸ்.பி. மிடி இன்டர்பேஸ் கேபிள் வாங்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இந்தக் கேபிளின் முனைகளில் 'இன்', 'அவுட்' என்று எழுதியிருக்கும். பெரும்பாலான மலிவு கேபிள்களில் 'இன்' என்பது கம்ப்யூட்டருக்குள் வரும் வழி. ஆகவே கேபிளின் 'இன்' முனையைக் கீபோர்டின் 'அவுட்' சாக்கெட்டில் செருக வேண்டும். பெயர் பொருந்துகிறதே என்று இன்னில் இன்னைச் செருகினால் எதுவும் நடக்காது. சில கேபிள்களில் மட்டும் எந்தச் சாக்கெட்டில் செருக வேண்டுமோ அந்தப் பெயரையே எழுதியிருப்பார்கள். சந்தேகம் வந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள், கருவி கெட்டுவிடாது.

மிக மலிவான கேபிள்களில் சில, வேகமாக வாசிக்கும்போது சுரங்களை விழுங்கிவிடும், அல்லது அழுத்திய கட்டையை விட்ட பிறகும் ஒலி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம் என்பது என் கருத்து.

டிரைவர் விஷயம் எளிது. பல கீபோர்டுகளை விண்டோஸ் தானே அடையாளம் கண்டுகொள்ளும். இல்லையென்றால் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைத் தேடி டிரைவரை இறக்கி, அதை நிறுவிய பின் கேபிளைச் செருகுங்கள்.

முதல் பதிவு

ரெக்கார்டிங் சாப்ட்வேர் பல உண்டு. பலருக்குத் தெரிந்த ஆடாசிட்டி நல்ல இலவசப் புரோகிராம்தான். ஆனால் அது ஒலியைப் பதியும், கீபோர்டின் மிடியைப் பதியாது. நான் ரீப்பர் என்ற புரோகிராமை எடுத்துக்கொள்கிறேன். சிறியது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், 60 நாட்கள் முழு வசதியுடன் சோதித்துப் பார்க்கலாம். தொடர்ந்து பயன்படுத்தக் கட்டணம் உண்டு. வேறு புரோகிராம்களில் மெனுவின் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

கீபோர்டை முதலில் ஆன் செய்துவிட்டு, பிறகு ரீப்பரைத் திறங்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் தேர்ந்தெடுங்கள். இடது பக்கப் பட்டியலில் ஆடியோ என்பதன் கீழ் மிடி கருவிகளுக்கான பக்கம் இருக்கும். அதில் உங்கள் கீபோர்டின் பெயரை இன்புட், அவுட்புட் இரண்டு இடங்களிலும் இயங்கும்படி செய்திடுங்கள். பெயரே இல்லையென்றால் இதற்கு மேல் போக வேண்டாம்; கேபிளையும் டிரைவரையும் பாருங்கள். ஒரு கண்ணி சரியாகும் வரை அடுத்ததைத் தொடாமல் இருந்தால் பாதி நேரம் மிச்சம்.

அடுத்து, கண்ட்ரோல், டி கீகளைச் சேர்த்து அழுத்தினால் புதிய ட்ராக் ஒன்று வரும். அதிலுள்ள வட்டமான சிவப்புப் பட்டனைக் கிளிக் செய்திடுங்கள். அருகில் இன்புட் எனக் காட்டும் இடத்தில் கிளிக் செய்து, மிடி, ஆல் மிடி இன்புட்ஸ், ஆல் சேனல்ஸ் என வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். இப்போது கட்டையை அழுத்தினால் ட்ராக்கின் மீட்டர் துள்ள வேண்டும். துள்ளினால் மிடி வந்துவிட்டது. கண்ட்ரோல், ஆர் அழுத்தி வாசியுங்கள். ஸ்பேஸ் பார் அழுத்தினால் பதிவு நிற்கும். பைலைச் சேமிக்கவா என்று கேட்டால் சம்மதியுங்கள்.

திரும்பப் போட்டால் மௌனம். காரணம் உங்களுக்கே தெரியும். குறிப்பு இருக்கிறது, சமைக்க ஆள் வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ட்ராக்கில் எப்.எக்ஸ். பட்டனைக் கிளிக் செய்து கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் சாப்ட்வேர் இசைக்கருவி ஒன்றைச் சேர்ப்பது. ரீப்பருடன் வரும் ரியாசிந்த் சோதனைக்குப் போதும்; அதன் ஒலியில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு வழி, மிடியைக் கீபோர்டுக்கே திருப்பி அனுப்புவது. ட்ராக்கின் ரூட் பட்டனைக் கிளிக் செய்து, மிடி ஹார்ட்வேர் அவுட்புட் என்ற இடத்தில் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இப்போது போட்டால், யாரும் தொடாமலே உங்கள் கீபோர்டு நீங்கள் வாசித்ததை வாசிக்கும். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இந்த இரண்டாவது வழியில் ஒரு தொல்லை உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் ஒலி இரட்டித்துக் கேட்கும். கட்டை நேரடியாக ஒரு முறையும், கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றி வந்து மறுமுறையும் ஒலியை எழுப்புவதுதான் காரணம். கீபோர்டின் பங்ஷன் அல்லது சிஸ்டம் மெனுவில் லோக்கல் கண்ட்ரோல் என்று ஒன்று இருக்கும். அதை ஆப் செய்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்ய வேண்டும். இல்லையென்றால் மறுநாள் கேபிள் இல்லாமல் வாசிக்க உட்காரும்போது கீபோர்டு ஊமையாக இருக்கும், பழுது என்று நினைத்து மெக்கானிக்கைத் தேடுவீர்கள்.

ஒலியையும் பதிய வேண்டும்

எங்கள் தெருவில் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். சொந்தமாக மெட்டுகள் போடுவார். இரண்டு வருடங்களில் முப்பதுக்கும் மேல் பதிந்து வைத்திருந்தார், எல்லாமே மிடி. பிறகு பெரிய கீபோர்டு வாங்குவதற்காகப் பழைய சிந்தசைசரை விற்றார். புதியதில் அந்தப் பைல்களைப் போட்டபோது பியானோ, வயலின் பகுதிகள் ஓரளவு ஒத்து வந்தன. 1991இல் வந்த ஜெனரல் மிடி என்ற ஏற்பாட்டில் 128 வாத்தியங்களுக்கு எண் ஒதுக்கியிருப்பதால் அந்தப் பொருத்தம். ஆனால் மெட்டுகளுக்கு உயிராக இருந்தவை, அவரே பழைய கருவியில் மணிக்கணக்கில் திருகித் திருகி உருவாக்கிய ஒலிகள். அவை வரவில்லை. வரவும் முடியாது. சிந்தசைசரை வாங்கியவரிடம் ஒரு நாள் இரவலாகக் கேட்டுப் போனார். அவரோ வாங்கிய அன்றே பேக்டரி ரீசெட் செய்திருந்தார். சுரங்கள் எல்லாம் இருக்கின்றன, அந்த ஒலியில் ஒரு மெட்டுகூட இன்று அவரிடம் இல்லை.

ஆகவே பிடித்த மெட்டு ஒன்று அமைந்தால் மிடியுடன் ஒலியையும் பதியுங்கள். நீங்களே உருவாக்கிய ஒலிகள் இருந்தால், கீபோர்டின் சேவ் அல்லது பேக்கப் வசதி மூலம் பென் டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ எடுத்து வையுங்கள்.

ரோலண்ட் ஜூனோ டி.எஸ். போன்ற சில கருவிகளில் மிடி, ஒலி இரண்டும் ஒரே யு.எஸ்.பி. கேபிளில் போகும். நிறுவனத்தின் டிரைவரை நிறுவினால் அந்தக் கருவியே ஒலிக்கான இன்புட்டாகவும் கம்ப்யூட்டரில் தெரியும். மற்றவற்றில் லைன் அவுட் துளைகளிலிருந்து தனி ஒயர் வேண்டும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களின் பின்புறம் வெளிர் நீல நிற லைன் இன் துளை இருந்தால் அதில் கொடுக்கலாம். லேப்டாப்பின் மைக் துளையில் கொடுக்காதீர்கள். அது மைக்கின் மெல்லிய சிக்னலுக்கானது, ஒலி சிதறும், ஸ்டீரியோவும் கிடைக்காது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் இரண்டு இன்புட் கொண்ட யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று வாங்குவதே நல்லது. அதில் லைன், இன்ஸ்ட்ருமென்ட் என்று ஸ்விட்ச் இருந்தால் லைனில் வையுங்கள்.

பிரிபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் பக்கத்தில் உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்த பின், இன்னொரு ட்ராக் சேர்த்து அதன் இன்புட்டை ஸ்டீரியோ என்று வையுங்கள். மிடி ட்ராக்கின் சிவப்புப் பட்டனை எடுத்துவிட்டு, இந்த ட்ராக்கின் பட்டனை மட்டும் போட்டுப் பதிவைத் தொடங்குங்கள். கம்ப்யூட்டர் மிடியை அனுப்பும், கீபோர்டு வாசிக்கும், அந்த ஒலி திரும்ப வந்து பதிவாகும். தப்பாக விழுந்த சுரத்தை மிடியில் முன்பே திருத்தியிருக்கலாம் என்பது இதன் பெரிய லாபம். மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் இருக்கட்டும். சிவப்பைத் தொட்டால் கரகரப்பு பதிவாகிவிடும். பிறகு நீக்குவது கடினம்.

தாமதமும் கமகமும்

சாப்ட்வேர் இசைக்கருவியில் வாசிக்கும்போது கட்டையை அழுத்திச் சற்றுப் பிறகே ஒலி வருகிறதா? குற்றவாளி மிடி அல்ல. மூன்று எண்கள் பழைய மிடி கேபிளில்கூட ஒரு மில்லி செகண்டுக்குள் போய்விடும். கம்ப்யூட்டர் ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகச் சேர்த்து அனுப்புவதால் வரும் தாமதம் இது. டிவைஸ் பக்கத்தில் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்து, பபர் அளவை 256 என வையுங்கள். 44,100 சாம்பிள் வேகத்தில் இது ஏறக்குறைய 6 மில்லி செகண்ட். ஸ்பீக்கரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி காதுக்கு வர ஆகும் நேரம்தான். இன்னும் குறைத்தால் நல்லதுதானே என்று 32, 64 என இறக்கினால் சாதாரணக் கம்ப்யூட்டர்களில் படபட என்று ஒலி வெடிக்கும்.

கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிட்ச் பெண்ட் சக்கரத்தால் கொடுக்கும் கமகமும் மிடியில் பதிவாகும். ஆனால் பதிவாவது சக்கரத்தின் நிலை மட்டுமே. எத்தனை சுரம் வளைய வேண்டும் என்பதை ஒலி எழுப்பும் கருவி முடிவு செய்கிறது. பொதுவாக இது இரண்டு அரைச்சுரம். உங்கள் கீபோர்டில் ஐந்து என்று வைத்து வாசித்துவிட்டு, சாப்ட்வேர் கருவியில் இரண்டாகவே விட்டால் தோடியின் காந்தாரம் அடையாளம் தெரியாமல் போகும். இரண்டிலும் பெண்ட் ரேஞ்ச் என்ற அளவை ஒன்றாக வையுங்கள்.

பதிவில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் மின் இணைப்பின் வழியாக வந்தது. கீபோர்டு, கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கொடுத்தால் பல சமயம் குறைந்துவிடும். எர்த் பின்னை உடைத்துவிடு என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

சேமிக்கும்போதும் கவனம் தேவை. ரீப்பரின் ஆர்.பி.பி. பைலை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்து நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போனால் அங்கே ட்ராக்குகள் தெரியும், ஒலி வராது. ஒலி தனிப் பைல்களாக இருக்கிறது. பைல் மெனுவில் சேவ் ப்ராஜெக்ட் அஸ் கொடுத்து, அந்த விண்டோவில் தனி போல்டர் உருவாக்கும் பெட்டியிலும், எல்லா மீடியா பைல்களையும் அதற்குள் காப்பி செய்யும் பெட்டியிலும் டிக் செய்திடுங்கள். பிறகு அந்தப் போல்டரை முழுவதுமாக எடுத்துச் செல்லலாம்.