தோட்டத்திற்கு வரும் விருந்தாளி: பழுப்பு ஈப்பிடிப்பான்

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதவாக்கில் நம் நாட்டுக் காடுகளுக்கும், அவற்றை அடுத்துள்ள ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஒரு சிறு பறவை வந்து சேர்கிறது. பழுப்பு ஈப்பிடிப்பான் என்பது அதன் பெயர். சிட்டுக்குருவி என்றெண்ணிப் பலரும் அதனைக் கவனியாது சென்றுவிடுகின்றனர். அதனை அடையாளங் காணும் வழியை இங்குக் காண்போம்.

அடையாளம்

இதன் நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். எடையோ இரண்டு ஐம்பது காசு நாணயங்களின் அளவுதான். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு நிறம், வயிறு வெண்மை. பெரிய கரிய கண்ணைச் சுற்றி வெண்ணிற வளையம் உண்டு. சிட்டுக்குருவியின் அலகு தானியம் உடைப்பதற்கேற்பத் தடித்திருக்கும். இதன் அலகு அடியில் அகன்று தட்டையாக இருக்கும். இதே பருவத்தில் வரும் மற்றோர் ஈப்பிடிப்பானுக்கு மார்பிலும் விலாவிலும் கருமை படர்ந்திருக்கும். அதனைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம்.

பழக்கம்

இது கூட்டமாகத் திரிவதில்லை. இலையற்ற கிளையொன்றில் தனியே நிமிர்ந்து அமர்ந்திருக்கும். ஈயோ சிறு வண்டோ பறந்தால் பாய்ந்து சென்று பற்றும். பெரும்பாலும் புறப்பட்ட கிளைக்கே திரும்பிவரும். இச்செயலே அதனைக் காட்டிக்கொடுக்கும் சிறந்த அடையாளமாகும். பால்மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இதனைக் காண்பது எளிது.

பயணம்

தென் சைபீரியா, வடகிழக்குச் சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய இடங்களில் கோடைக்காலத்தில் இது கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறது. அங்குக் குளிர் தொடங்கிப் பூச்சிகள் மறையவே, உணவை நாடித் தெற்கே புறப்படுகிறது. ஜப்பானிலிருந்து நம் நாடு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. அத்துணைத் தொலைவையும் பெரும்பாலும் இரவில் பறந்தே கடக்கிறது. ஏப்ரல் மாதத்திற்குள் மீண்டும் வடக்கே செல்கிறது.

நம் கடமை

கடலும் மலையும் கடந்து வந்த உயிர், சிறுவர் விளையாட்டாக எய்யும் உண்டிவில்லின் ஒரு கல்லுக்கு இரையாகிவிடலாம். அதனால் வடக்கே ஒரு கூடு கட்டப்படாமலே போகும். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. எனினும், சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்றி, அன்பினாலும் இப்பறவையைக் காத்தல் வேண்டும். உண்டிவில்லைக் கீழே வைத்துவிட்டு, ஒரே கிளைக்கு அப்பறவை எத்தனை முறை திரும்புகிறது என எண்ணிப் பார்க்கும்படி நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக.