பழைய பிக்கப்பும் பக்கத்து உப்பளமும்

பிரம்மதேசத்தில் நின்றால் கடல் தெரியாது. மரக்காணம்–திண்டிவனம் சாலையில் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற ஊர். "உப்புக் காத்து இங்க எட்டாது" என்று சொல்லித்தான் அந்தப் பழைய டாடா 207-ஐ என் தலையில் கட்டினார்கள்.

சொன்னது பொய் இல்லை. கடற்காற்று சுமந்துவரும் உப்புத்துளிகளில் பெரும்பங்கு கரையை ஒட்டியே விழுந்துவிடும். உள்ளே வர வர மளமளவென்று குறையும். ஆனால் வண்டி ஊரிலேயே நின்றிருந்தால்தானே? மரக்காணம் உப்பளத்துக்குப் போய் மூட்டை ஏற்றி வந்த வண்டி அது. மூட்டையிலிருந்து கசிந்த ஈரம் பாடித் தகட்டின் இடுக்கில் இறங்கி, சேஸிஸுக்குள் சொட்டி, வாசல் வரை கூடவே வந்திருக்கிறது. காற்று கொண்டுவராத உப்பை நாமே சுமந்து வந்து வீட்டில் நிறுத்துகிறோம்.

207-ஐப் பற்றி ஒரு வார்த்தை. அன்று டெல்கோ என்று அழைக்கப்பட்ட டாடா நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த டாடாமொபைல் குடும்பத்தைச் சேர்ந்த வண்டி இது. 2005-இல் 'குட்டி யானை' ஏஸ் வந்து சின்னச் சரக்கையெல்லாம் வாரிக்கொண்டு போகும்வரை பிக்கப் என்றால் பலருக்கும் இதுதான். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய டீசல் எஞ்சின் என்பதால் வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டலாம். அதனாலேயே ஆளுக்கொரு வைத்தியமும் சொல்வார்கள்.

"வெயில்ல போட்டா காஞ்சிடும், துரு ஏறாது."

மழைநாளில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி நீர்விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் வண்டிக்கு அடியிலும் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புநீரில் இருக்கிற மக்னீசியம் குளோரைடு இன்னும் பொல்லாதது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் பக்கத்தில் உச்சிவெயிலில்கூட ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். மேலே கை வைத்தால் சுடுகிற தகடு, அடிமடிப்பில் உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்கும்.

ஆகவே "தண்ணி பட்டா துரு" என்பதும் பாதிதான் சரி. உப்பு ஏற்றிய வண்டியைக் கழுவாமல் விடுவதுதான் கேடு. பானெட்டைப் பளபளக்க வைத்து என்ன பயன்? சேஸிஸின் பக்கத் துளைகளில் குழாயை விட்டு, மறுமுனையில் தெளிந்த நீர் வரும்வரை அடிக்க வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கரையோர ஆழ்துளைக் கிணறுகளில் பல உவர்ப்பேறியவை. அந்த நீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். தொட்டியில் பிடித்த மழைநீர் உத்தமம்.

"கழிவு ஆயில் அடிச்சா ஆயுசு கெட்டி."

இதை நானும் பத்து வருடம் செய்தேன். எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை ஈரம் அண்டாது, உண்மை. ஆனால் எஞ்சினில் ஓடிக் கறுத்த எண்ணெயில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலமும் உலோகத்தூளும் இருக்கும். கமான் பட்டையின் ரப்பர் புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் அது உப்ப வைத்துவிடும். சாலைப் புழுதி ஒட்டிக் களிம்பாகி, உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொட்டுவதோ மண்ணில், அதை அடித்துச் செல்லும் மழைத்தண்ணீர் கடைசியில் எங்கே போகும்? நம் கழுவெளி ஏரிக்குத்தான். வேண்டுமானால் உள்மடிப்புகளுக்கு மெழுகு வகைப் பூச்சு அடியுங்கள். கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு.

துருவின் மேலேயே தார்ப்பூச்சு பூசுவது இதைவிட மோசம். புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதுதான். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். பூச்சுக்குள்ளேயே உப்பி, ஒருநாள் தகட்டோடு பெயர்ந்து வரும். பட்டி வைத்து மறைத்துப் பெயின்ட் அடிக்கிற டிங்கர் வேலையும் இதே ரகம். கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள் (பெயரைப் பாருங்கள்!), வெள்ளை இரும்பு தெரிந்தபின் துத்தநாகம் கலந்த பிரைமர். குறுக்குவழி இல்லை.

"அந்தக் காலத்துத் தகடு, துரு புடிக்காது" என்பார்கள். பிடிக்கும். அந்தக் காலத்து வண்டிகளில் துத்தநாகம் ஏற்றாத வெறும் தகடுதான் பெரும்பாலும். கெட்டியாக இருந்ததால் ஓட்டை விழ அதிக நாள் ஆயிற்று, அவ்வளவே.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?"

என் வண்டியிலும் ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்திருந்தார். தெர்மோஸ்டாட் சுமார் 80 டிகிரிக்கு மேல் திறக்கும் ஒரு வால்வு. அது இல்லாவிட்டால் டீசல் எஞ்சின் சூடேறத் தாமதமாகும். சரியாக எரியாத டீசல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். பல எஞ்சின்களில் அது திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. கழற்றிவிட்டால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். குளிர்ச்சிக்காகச் செய்த வேலை கொதிப்பில் முடியும். கூலன்ட்டும் பனிநாட்டுச் சரக்கு அல்ல. கொதிநிலையை உயர்த்துகிறது, உள்ளே அரிப்பைத் தடுக்கிறது. போர் தண்ணீரை ஊற்றினால் உப்பளம் ரேடியேட்டருக்குள்ளேயே வந்துவிடும்.

பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றினால் போதும் என்பது உயிருக்கே உலைவைக்கும் நம்பிக்கை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி. ஈரமேறிவிட்டால் 140 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். கூடவே இரும்புப் பைப்பைக் கிளிப் பிடிக்கும் இடங்களில் விரலால் தடவிப் பாருங்கள். அங்கேதான் முதலில் அரிக்கும்.

விளக்கு மங்கினால் டைனமோவைக் குறை சொல்லுமுன் எர்த் ஒயரின் முனையைச் சுரண்டிப் பாருங்கள்.

கமான் பட்டை ஒன்று கூட்டினால் கூடுதலாக ஒரு டன் ஏற்றலாம் என்பவர்களுக்கு: பட்டை தாங்கும்; ஆக்ஸிலும் பிரேக்கும் டயரும் பழையவைதான். பெரிய எஞ்சின் மாட்டும் ஆசை இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படியுங்கள். தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 'விண்டேஜ்' என்று பதிந்து தப்பலாமா என்றால், 2021 விதிப்படி வண்டிக்கு 50 வயது ஆகவேண்டும், வணிக வண்டியாகவும் இருக்கக்கூடாது. 1988-இல் வந்த முதல் டாடாமொபைலுக்கே 2038-இல்தான் ஐம்பது.

ஐப்பசி மழை பிடித்ததும் உப்பளம் ஓயும், வண்டியும் நிற்கும். அதற்குமுன் ஒரு காலை வேளையில், ஜாக்கை மட்டும் நம்பாமல் கெட்டியான ஸ்டாண்டு கொடுத்து அடியில் படுங்கள். சேஸிஸின் பின்பக்கத் துளையில் விரலை விடுங்கள். ஈரமண் வந்தால் முதலில் அதை வழித்தெடுங்கள். பெயின்ட் கடைக்கு அப்புறம் போகலாம்.