எண்ணெய் எவ்வளவு வேண்டும்?



பத்துக் கன்னியர் உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. ஆனால் போதிய எண்ணெய் கொண்டு சென்றவர்கள் ஐவர் மட்டுமே. சூரிய ஒளியால் எரியும் விளக்குக்கும் இதே பாடம்தான். அதன் எண்ணெய் பாட்டரியில் இருக்கிறது.

இதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். படிப்பு மண்டபத்திலிருந்து மாதா கெபி வழியாக விடுதிக்குச் செல்லும் பாதையில் நான்கு சோலார் விளக்குகள் இருந்தன. கோடை முழுவதும் விடியும்வரை எரிந்தன. 2024 நவம்பரில் அடைமழை பிடித்தது. முதல் நாள் இரவு விளக்குகள் எரிந்தன. இரண்டாம் நாள் பத்து மணிக்கே மங்கின. மூன்றாம் நாள் எரியவே இல்லை. அன்று இருட்டில் கிடந்த தென்னை மட்டையில் இடறி விழுந்து, எங்கள் சமையற்கார அம்மாவின் மணிக்கட்டு பிசகியது. விளக்குகளில் பழுது ஒன்றுமில்லை. கணக்குத்தான் கோடை வெயிலை நம்பிப் போடப்பட்டிருந்தது. எனவே அறிவியல் மன்றத்தில் நாங்களே புதிதாகக் கணக்கிட்டோம். அதைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி, செலவு. 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று பழைய 75 வாட் குண்டு பல்பின் அளவுக்கு ஏறத்தாழ வெளிச்சம் தரும். நான்கு விளக்குகளுக்கு 40 வாட். மாலை 6 முதல் காலை 6 வரை 12 மணி நேரம் முழுதாக எரிந்தால் 480 வாட்-மணி செலவாகும். ஆனால் இரவு 10 மணிக்குமேல் அப்பாதையில் நடமாட்டம் குறைவு. அப்போது பாதி வெளிச்சம் போதும். முதல் 4 மணி நேரத்துக்கு 160, அடுத்த 8 மணி நேரத்துக்கு 160, ஆக 320 வாட்-மணி. மூன்றில் ஒரு பங்கு மிச்சம்! மின்வாரியக் கணக்கில் 1,000 வாட்-மணியே ஒரு யூனிட் என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாம் படி, சேமிப்பு. மூன்று நாள் வெயிலே இல்லை என்று கொள்வோம். 320 × 3 = 960 வாட்-மணி. 12 வோல்ட் பாட்டரிக்கு 960 ÷ 12 = 80 ஆம்பியர்-மணி. ஆனால் ஈய-அமில பாட்டரியைப் பாதிக்குமேல் அடிக்கடி வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே இரு மடங்காக 160 ஆம்பியர்-மணி வேண்டும். கடையில் அதற்கு அடுத்த பெரிய அளவை வாங்குவது நலம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் 80 விழுக்காடுவரை பயன்படுத்தலாம்; எனவே 100 ஆம்பியர்-மணி போதும். விலை கூடுதலானாலும் அது நீண்ட காலம் உழைக்கும்.

மூன்றாம் படி, வரவு. பகல் 12 மணி நேரம் இருந்தாலும் உச்சி வெயிலின் வலிமை நாள் முழுவதும் இராது. சோலார் பேனலில் எழுதியுள்ள வாட் அளவு, ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் வெயில் விழும்போது கிடைப்பது. ஒரு நாள் வெயில் முழுவதையும் அத்தகைய முழு வெயிலாகக் கூட்டிப் பார்த்தால், நம் ஊரில் தெளிந்த நாளில் சுமார் 5 மணி நேரத்துக்குச் சமம். மழை மாதத்துக்கு மூன்றரை மணி என்றே நாங்கள் வைத்துக்கொண்டோம். தூசி, வெப்பம், கம்பி, பாட்டரி ஆகியவற்றில் 30 விழுக்காடு இழப்பு என்று கொண்டால், 320 ÷ 0.7 ÷ 3.5 = ஏறத்தாழ 130 வாட்.

அப்படியானால் 130 வாட் பேனல் போதுமா? போதாது! மழை விட்டபின் அன்றாடச் செலவையும் கொடுத்து, வற்றிய பாட்டரியையும் நிரப்ப வேண்டுமல்லவா? தெளிந்த நாளில் 130 வாட் பேனல் 455 வாட்-மணி தரும். செலவு போக மிச்சம் 135. பாட்டரி நிரம்ப ஒரு வாரம் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். 200 வாட் பேனலோ 700 வாட்-மணி தரும். மிச்சம் 380, மூன்றாம் நாளே பாட்டரி நிரம்பிவிடும். எனவே 200 வாட் என்று முடிவு செய்தோம்.

பேனலைத் தெற்கு நோக்கி, 10 முதல் 15 பாகை சாய்வாக வைக்க வேண்டும். அப்போது மழைநீரே தூசியைக் கழுவிவிடும். மரக்கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். ஏனெனில் உள்ளே செல்கள் சங்கிலிபோல் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. பாட்டரி அளவுக்குமேல் நிரம்பாமலும் வற்றாமலும் காக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் அவசியம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு வாசலுக்கோ வயல் மோட்டார் அறைக்கோ சோலார் விளக்கு வாங்கும்போது, "எத்தனை வாட்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "வெயிலே இல்லாமல் எத்தனை இரவு எரியும்?" என்றும் கேளுங்கள். கோடையில் எல்லா விளக்கும் எரியும். விவேகமுள்ள கன்னியரைப்போல், வராத வெயிலையும் எண்ணிப் பார்த்து ஆயத்தமாவோம்!

– அறிவியல் மன்ற மாணவியர்