துண்டும் கடனும்: கட்டாய வேலையை அறிந்துகொள்வோம்

'துண்டு' என்றால் இன்று நாம் தோளில் போடும் துணியை நினைக்கிறோம். நமுனுகுல, பசறைப் பக்கத் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்மாருக்கு அது ஒரு சிறு காகிதம். அந்தக் காகிதம் மனிதரைக் கட்டிவைத்த விதத்தை இப்பாடத்தில் பார்ப்போம்.

துண்டு முறை

தமிழ்நாட்டில் பஞ்சத்தில் வாடிய குடும்பங்களுக்குக் கங்காணி முற்பணம் கொடுத்தார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனாக எழுதப்பட்டன. வேறு தோட்டம் போக வேண்டுமானால், "இவ்வளவு தொகை கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன்" என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். அது மறுபடியும் தொழிலாளியின் கணக்கிலேயே ஏறும். தோட்டம் மாறியது, கடன் தீரவில்லை. சொல்லாமல் விலகினால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறைக்கும் போகலாம். 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

எது கட்டாய வேலை?

தண்டனைப் பயத்தைக் காட்டி, ஒருவர் தாமாக முன்வராத வேலையை வாங்குவதே கட்டாய வேலை என்கிறது சர்வதேச தொழில் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை. இலங்கை இதை 1950இல் ஏற்றது. 2021இல் உலகில் 2 கோடி 76 லட்சம் பேர் இந்நிலையில் இருந்ததாக அவ்வமைப்பு மதிப்பிட்டது.

குறைந்த கூலி எல்லாம் கட்டாய வேலையாகாது. அது வேறோர் அநீதி. "நான் விரும்பினால் நாளைக்கே விலகிப் போகலாமா?" என்று கேட்டுப் பார்ப்போம். போக முடியாதபடி தடுப்பது எது என்பதில்தான் அதன் வடிவம் தெரியும்:

1. முற்பணத்தைக் காட்டி, கடன் தீரும்வரை வேலை வாங்குதல்.
2. விலகிவிடாதபடி கூலியைப் பிடித்து வைத்தல்.
3. கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ பறித்து வைத்தல். வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போன நம் பெண்கள் பலர் இதை அனுபவித்திருக்கிறார்கள்.
4. அடைத்து வைத்தல், அடித்தல், பொலிசில் பிடித்துக் கொடுப்பதாக மிரட்டுதல்.

நாம் செய்யக்கூடியவை

காணியையும் பயிரையும் விட்டு வந்த நமக்கு முற்பணம் தேவைப்படும். அதை அறிந்தே தரகரும் வருகிறார். ஆகவே வெற்றுத் தாளில் கையெழுத்திட வேண்டாம். வாங்கிய பணம், வேலை செய்த நாள், கிடைத்த கூலி மூன்றையும் நம் கொப்பியில் நாமே எழுதி வைப்போம். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிப் பிள்ளை எழுதட்டும். வெளிநாடு போவோர் முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவானவரா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

கடனுக்காக ஒருவரை அடிமைபோல வைத்திருப்பது 2006 முதல் நம் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். கடன் வாங்கியது குற்றமல்ல. எனவே வெட்கப்பட்டு மறைக்காமல் தொழில் திணைக்களத்திலோ பொலிசிலோ முறையிடலாம். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போவது நல்லது.

கூடிப் பேசுவோம்

- நம் குடும்பத்துக் கடன் கணக்கு யார் கையில் இருக்கிறது?
- நம் முகாமில், ஊரில் விலகிப் போக முடியாமல் வேலை செய்பவர் உண்டா?
- அவசரத் தேவைக்குத் தரகரிடம் போகாமல், நமக்குள்ளேயே ஒரு சிறு சேமிப்பைத் தொடங்க முடியுமா?