ஆராய்ச்சிப் பணம் தேடுவோருக்கு ஒன்பது சொல்

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். என் முதல் புரொபோசல் படிக்கப்படாமலேயே திரும்பியது. பதிவாளர் கையெழுத்திட வேண்டிய சான்றில் துறைத்தலைவர் கையெழுத்து இருந்தது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட விதிகளை எனக்குச் சொல்ல அன்று ஆளில்லை. உங்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

1. தலைப்பைத் தேடுமுன் வயதைப் பாருங்கள். பெரும்பாலான உதவித்தொகைகளுக்கு வயது வரம்பு உண்டு. முதுகலை படிக்கும்போதே நெட் தேர்வு எழுதத் தொடங்குங்கள். ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அதில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து முதுநிலை உதவித்தொகையாக (எஸ்.ஆர்.எஃப்.) மாறினால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. யு.ஜி.சி. நெட்டில் ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கும் பட்டியலினத்தாருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 5 ஆண்டுத் தளர்வு இருக்கிறது. “வயசு போச்சு சார்” என்று வந்த மாணவிகள் சிலருக்கு இந்தச் சலுகையே தெரிந்திருக்கவில்லை.

2. எந்தக் கதவு உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் எஸ்.இ.ஆர்.பி. என்று சொல்லிப் பழகிய மத்திய அரசின் நிதி வாரியம், 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஏ.என்.ஆர்.எஃப். ஆகிவிட்டது. அறிவியல், பொறியியல்காரர்களுக்கு அதுவே பெரிய வாசல். உயிரியலுக்கு டி.பி.டி., மருத்துவத்துக்கு ஐ.சி.எம்.ஆர்., சமூக அறிவியலுக்கு 1969 முதல் இருக்கும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., வரலாற்றுக்கு ஐ.சி.எச்.ஆர். கலைப்பிரிவுக்குப் பணமே கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

3. சிறிய தொகையைக் கேட்டுப் பழகுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்கு உதவுகிறது. தொகை சிறியதுதான். ஆனால் விண்ணப்பம் எழுதி, செலவு செய்து, கணக்கு முடித்து, அறிக்கை கொடுத்த அனுபவம் அதிலேயே கிடைத்துவிடும். அடுத்த குழுவின் முன் உட்காரும்போது நீங்கள் புது ஆள் இல்லை.

4. புரொபோசலின் முதல் பத்தியில் ஆராய்ச்சிக் கேள்வியைச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக் குழுவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மேசைமேல் கட்டுக்கட்டாக விண்ணப்பங்கள் இருக்கும். “இந்தியா பல்லுயிர் வளம் மிக்க நாடு” என்று தொடங்கினால் கண் அடுத்த தாளுக்குப் போய்விடும். எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள், இதுவரை ஏன் அது தெரியவில்லை, உங்களால் எப்படி முடியும்: இந்த மூன்றுக்கும் பத்து வரி போதும். உங்கள் துறை சாராத நண்பர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாவிட்டால் குழுவில் பாதிப் பேருக்குப் புரியாது.

5. கருவிக்கு ஆசைப்படுமுன் அதை வைக்கும் அறையை நினையுங்கள். ஏ.சி., தடையற்ற மின்சாரம், ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் யார் பொறுப்பு? உறை பிரிக்காமலே வாரண்டி முடிந்த கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் போன்ற பொதுக் கருவிக் கூடங்களில் கட்டணம் கட்டி மாதிரிகளைச் சோதித்துக்கொள்ளலாம். எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று ஐ-ஸ்டெம் தளம் காட்டும். அந்தக் கட்டணத்தை பட்ஜெட்டில் எழுதுங்கள். குழு உங்களை விவரம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளும்.

6. கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே கையெழுத்துக்கு அலையத் தொடங்குங்கள். பதிவாளர் ஊரில் இருக்கமாட்டார். கோப்பு யார் மேசையிலோ தூங்கும். பல்கலைக்கழக அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்க்கும் எழுத்தரின் பெயரைத் தெரிந்துவைத்திருங்கள். மரியாதையாகப் பேசுங்கள். உங்கள் ஆராய்ச்சியை நகர்த்தும் முதல் கை அவருடையது.

7. வெளிநாட்டுக்கு ஓராண்டு முன்பே திட்டமிடுங்கள். ஃபுல்பிரைட்-நேரு போன்றவற்றுக்கு இந்த ஆண்டு விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டுதான் பயணம். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கு அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் சம்மதம் வேண்டும். வெளிநாட்டு நிதி கல்லூரிக் கணக்குக்கு வருவதென்றால் எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

8. கணக்கை மார்ச்சில் தேடாதீர்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பயன்பாட்டுச் சான்றும் செலவு அறிக்கையும் போகாமல் அடுத்த தவணை வராது. என் முதல் திட்டத்தில் பில்களை ஷூ பெட்டியில் போட்டுவைத்திருந்தேன். சான்று அனுப்பத் தாமதமானது, தவணை நின்றது, திட்டத்தில் வேலை பார்த்த பையனுக்கு ஐந்து மாதம் சம்பளமில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. அவன் அறை வாடகையை நான்தான் கொடுத்தேன்; அவன் முகத்தைப் பார்க்கத்தான் தெம்பில்லை. அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை கணக்கு நாள். பில் எண், தேதி, செலவுத் தலைப்பு மூன்றையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். பயணத்துக்கு வந்த பணத்தில் ரசாயனம் வாங்காதீர்கள். தேவைப்பட்டால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள்.

9. மறுப்புக் கடிதத்தை ஒரு வாரம் மூடிவையுங்கள். கோபம் தணிந்தபின் மதிப்பீட்டாளர் குறிப்புகளைப் படியுங்கள். பாதி சரியாக இருக்கும். திருத்தி மறுபடி அனுப்புங்கள். எனக்கு மூன்றாவது முறைதான் கிடைத்தது. அதுவும் பக்கத்துத் துறை மூத்தவர் ஒருவர், தான் வென்ற புரொபோசலின் கார்பன் பிரதியை ஒரு இரவுக்குக் கொடுத்ததால்.

உங்களுக்கும் ஒருநாள் நிதி வரும். அன்று அந்தப் புரொபோசலைப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். கேட்டு வரும் இளையவருக்குப் படிக்கக் கொடுங்கள். கூடவே திரும்பி வந்ததையும் கொடுங்கள்.