இரண்டாம் பிரிவின் முதல்வர்

ஜெர்மனி நாட்டின் கால்பந்துப் போட்டிகள் படிக்கட்டைப் போல அமைந்தவை. உச்சிப் படியில் இருப்பது புண்டஸ்லிகா. அதில் 18 அணிகள் ஆடுகின்றன. அடுத்த படி இரண்டாம் புண்டஸ்லிகா. அதிலும் 18 அணிகளே. அதற்கும் கீழே 20 அணிகளைக் கொண்ட மூன்றாம் பிரிவு 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் இரண்டாம் பிரிவில் முதல் இரண்டு இடங்களைப் பெறும் அணிகள் நேராக மேலே ஏறும். மூன்றாம் இடம் பெற்ற அணியோ, மேல்பிரிவில் 16ஆம் இடத்தில் நின்ற அணியுடன் இரண்டு ஆட்டங்கள் மோத வேண்டும். மேல்பிரிவின் கடைசி இரண்டு அணிகள் கீழே இறங்கிவிடும்.

இந்த ஏற்ற இறக்கம் பெருமையை மட்டும் பொறுத்ததன்று. ஓர் அணி கீழே இறங்கினால் அதன் தொலைக்காட்சி வருவாய் பெரிதும் சுருங்கும். சிறந்த வீரர்கள் வேறு அணிகளை நாடிச் செல்வர். கழகத்தின் அலுவலகத்தில் பணிபுரிவோர்கூட வேலை இழக்க நேரலாம். ஆகவே, இறங்கிய அணி ஒவ்வொன்றும் தன்னை மீண்டும் மேலே ஏற்றிவிடக்கூடிய ஒருவரைத் தேடும். அவ்வாறு தேடப்பட்டவர்களுள் தலையாயவர் சிமோன் டெரோடே.

அவர் 1988ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய போகோல்ட் என்னும் ஊரில் பிறந்தார். தொழில்முறை ஆட்டக்காரராக அவர் கால்பதித்த இடம் டூயிஸ்பர்க் நகரத்து அணி. அங்கே அவருக்கு வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. பின்பு கொலோன் அணிக்குச் சென்றார். அங்கும் பெரும்பாலும் இளையோர் நிறைந்த இரண்டாம் அணியிலேயே ஆடினார். பேரறிஞர்கள் சிறுவயதிலேயே ஒளிர்ந்ததாகக் கூறும் கதைகள் பல உண்டு. டெரோடேயின் வரலாறு அத்தகையதன்று. 2011இல் யூனியன் பெர்லின் அணியில் சேர்ந்த பிறகே இரண்டாம் பிரிவில் அவர் கோல் கணக்கைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23. அங்கே மூன்று ஆண்டுகளில் அவர் அடித்த கோல்கள் 23. வியந்து பேசத்தக்க எண்ணிக்கை அன்று.

2014இல் போஹும் அணிக்கு மாறினார். முதல் பருவத்தில் 16 கோல்கள். அடுத்த பருவத்தில் 25 கோல்கள். இரண்டாம் பிரிவில் மிகுதியான கோல்கள் அடித்தவர் என்னும் சிறப்பு முதன்முறையாக அவரைச் சேர்ந்தது. அவ்வாண்டு மேல்பிரிவிலிருந்து இறங்கியிருந்த ஸ்டுட்கார்ட் அணி உடனே அவரை அழைத்துக்கொண்டது. அங்கும் 25 கோல்கள் அடித்தார். 2017இல் ஸ்டுட்கார்ட் முதலிடம் பெற்று மேலே ஏறியது.

ஏற்றிவிட்டவருக்கு மேலே என்ன நேர்ந்தது? அதுதான் அவர் வாழ்வின் விந்தை. புண்டஸ்லிகாவில் அவருடைய கோல்கள் வற்றின. அரைப் பருவம் முடிந்ததும், 2018 ஜனவரியில், ஸ்டுட்கார்ட் அவரைக் கொலோன் அணிக்கு விட்டுக்கொடுத்தது. கொலோன் அப்போது புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. அண்டை ஊர்ப் பகைவரான மன்ஷன்கிளாட்பாக் அணிக்கு எதிரான ஆட்டத்தில், ஆட்ட நேரம் முடிந்தும் நடுவர் கூட்டிக் கொடுத்த நேரத்தில், டெரோடே தலையால் முட்டி அடித்த கோல் கொலோனுக்கு வெற்றி தந்தது. அரங்கம் அதிர்ந்தது. எனினும் அந்த அணி இறங்குவதைத் தடுக்க அது போதவில்லை. இறங்கிய அணியுடனேயே அவரும் இறங்கினார். அடுத்த பருவத்தில் 29 கோல்கள் அடித்தார். 2019இல் கொலோன் முதலிடம் பெற்று மீண்டும் ஏறியது. மேலே ஏறியதும் அவருக்கு ஆடும் வாய்ப்பு மறுபடியும் குறைந்தது.

ஒரே மனிதர் ஒரு படியில் மலைபோல் நிற்பதும் மறுபடியில் மறைந்துபோவதும் எதனால்? டெரோடே 192 சென்டிமீட்டர் உயரமுடையவர். பந்தை வெகுதொலைவு ஓட்டிச் செல்வது அவருடைய ஆட்டமுறை அன்று. கோல் கம்பத்தருகே பந்து எங்கு வந்து விழும் என்பதை எதிரணியின் தடுப்பாளருக்கு ஒரு நொடி முன்னதாக அறிந்து, அங்கே நின்று, தலையாலோ காலாலோ ஒரே தொடுதலில் முடித்துவிடுவது அவர் கலை. வலிய அணி ஒன்று இரண்டாம் பிரிவில் ஆடும்போது பந்து பெரும்பாலும் எதிரணியின் பக்கமே இருக்கும்; அத்தகைய வீரருக்கு வாய்ப்புகள் அடுத்தடுத்து வரும். அதே அணி மேலே சென்றால் தன் கோலைக் காப்பதிலேயே பொழுது கழியும். வாய்ப்பு ஓர் ஆட்டத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும். அதையும் தாமே நெடுந்தொலைவு ஓடி உருவாக்கும் விரைவான முன்கள வீரரையே பயிற்சியாளர்கள் அங்கே விரும்புவர். ஆகவே, குறை அவருடையது மட்டும் என்று கூறுவது நேர்மையாகாது.

2020இல் ஹாம்பர்க் அணியில் சேர்ந்து 24 கோல்கள் அடித்தார். அணியோ நான்காம் இடமே பெற்று, ஏற முடியாமல் நின்றது. அடுத்து அவர் சென்ற இடம் ஷால்கே. கெல்சன்கிர்ஷன் என்னும் நிலக்கரி நகரத்தின் அணி அது. சுரங்கத் தொழிலாளர் என்பதே அந்த அணியின் பட்டப்பெயர். அதன் அரங்கில் வீரர்கள் களத்திற்கு வரும் வழியும் சுரங்கப் பாதையைப் போலவே அமைக்கப்பட்டுள்ளது. 1991 முதல் மேல்பிரிவில் நிலைத்திருந்த அந்த அணி 2021இல் கீழே இறங்கியிருந்தது.

ஷால்கேயில் அவரை ஒரு பழைய சாதனையும் எதிர்நோக்கியிருந்தது. இரண்டாம் பிரிவில் மொத்தம் 153 கோல்கள் அடித்த டீட்டர் ஷாட்ஷ்நைடரின் சாதனை 30 ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் இருந்தது. ஷாட்ஷ்நைடரும் 1983இல், ஐரோப்பியக் கோப்பையை அப்போதுதான் வென்றிருந்த ஹாம்பர்க் அணிக்கு அழைக்கப்பட்டவர். ஒரே பருவத்தில் அங்கிருந்து வெளியேறியவர். 2021 அக்டோபரில் டெரோடே அந்த எண்ணிக்கையைக் கடந்தார்.

2022 மே 7ஆம் நாள் ஹாம்பர்க் நகரத்து செயின்ட் பவுலி அணியுடன் நடந்த ஆட்டம் ஷால்கேயின் தலைவிதியைத் தீர்மானிக்கவிருந்தது. இடைவேளையில் ஷால்கே 0–2 எனப் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதி தொடங்கியவுடன் கிடைத்த பெனால்டியை டெரோடே கோலாக்கினார். 71ஆம் நிமிடத்தில் இரண்டாம் கோலையும் அவரே அடித்தார். சிறிது நேரத்தில் உருகுவே நாட்டு வீரர் சலாசர் மூன்றாம் கோலை அடிக்க, ஷால்கே 3–2 என வென்று மேலே ஏறியது. மக்கள் வெள்ளம் களத்தில் புகுந்தது. அப்பருவத்தில் டெரோடேயின் கோல்கள் 30.

மூன்று மாதங்கள் கடந்த நிலையில், மேல்பிரிவில் வுல்ஃப்ஸ்பர்க் அணிக்கு எதிராக அவர் உதைத்த பெனால்டியைக் கோல்காவலர் தடுத்தார். கோல்காவலர் கோட்டைவிட்டு முன்னதாக நகர்ந்ததால் மீண்டும் உதைக்க நடுவர் அனுமதித்தார். அதுவும் தடுக்கப்பட்டது. கோல் இன்றி ஆட்டம் முடிந்தது. 2023இல் ஷால்கே மறுபடியும் கீழே இறங்கியது.

அணியை விட்டு அவர் போகவில்லை. தமது கடைசிப் பருவத்தில், மூன்றாம் பிரிவுக்குச் சரியாமல் காத்துக்கொள்ளப் போராடிய அணிக்காக 5 கோல்கள் அடித்தார். ஜெர்மனியின் மூத்தோர் தேசிய அணிச் சட்டையை ஒருமுறையேனும் அணியாமலே, 2024இல் தம் 36ஆம் வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டாம் பிரிவில் அவர் பெயருக்கு எதிரே நிற்கும் எண் 177.

சொற்பொருள்

தலையாயவர் – முதன்மையானவர்
பருவம் – போட்டிகள் நடைபெறும் ஓராண்டுக் காலம்
விந்தை – வியப்புக்குரியது
வற்றின – குறைந்துபோயின

பயிற்சி

1. ஓர் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதால் நேரும் இழப்புகள் யாவை?
2. ‘ஏற்றிவிட்டவருக்கு மேலே என்ன நேர்ந்தது?’ – இவ்வினாவிற்குப் பாடப்பகுதியிலிருந்து விடை எழுதுக.
3. டெரோடேயின் ஆட்டமுறை இரண்டாம் பிரிவுக்கு மிகவும் பொருந்தியது ஏன்?
4. ஷால்கேயில் டெரோடே இரண்டாம் பிரிவில் அடித்த கோல்கள் மொத்தம் எத்தனை? ஒவ்வோர் அணிக்கும் அவர் அடித்தவற்றைப் பட்டியலிட்டுக் கூட்டிச் சரிபார்க்க.
5. பிரித்து எழுதுக: அவ்வாண்டு, முதலிடம், ஒவ்வொன்று.